‘அச்சடித்துவிடலாம்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் மின்சாரம் கடத்தும் பிளாஸ்டிக் பற்றி வந்த கட்டுரையை வாசித்தேன். இந்த மாதிரி விஷயத்தைத் தமிழில் போடவே ஒரு துணிச்சல் வேண்டும், அதற்கு முதலில் நன்றி. ஆனால் கடைசிப் பத்தியில் ஒரு வரி இருக்கிறது. இந்தப் பிளாஸ்டிக்கை மையாக்கி, செய்தித்தாள் அடிக்கிற மாதிரி வளையும் மின்னணுச் சாதனங்களை அச்சடித்துவிடலாமாம். அங்கேதான் எனக்குச் சாயா புரையேறியது. நான் தக்கலையில் ஸ்கிரீன் பிரிண்டிங் கடை வைத்திருப்பவன். கல்யாணக் கார்டு, கோயில் கொடை நோட்டீஸ், சர்ச் திருவிழா ஸ்டிக்கர், மார்த்தாண்டம் தேன் பாட்டில் லேபிள், அரிசி ஆலைக்கு சாக்கு பிரிண்ட் என்று எல்லாம் அடித்திருக்கிறேன். பிளெக்ஸ் வந்து பாதி வேலையைக் கொண்டுபோன பிறகும் கடையைப் பூட்டாமல் வைத்திருக்கிறேன். அந்த உரிமையில் எழுதுகிறேன். கடிதம் கொஞ்சம் நீளம். வெட்டுவதாக இருந்தால் முன்பக்கத்தில் வெட்டுங்கள், பிளீச்சிங் பவுடர் வருகிற பகுதியை மட்டும் வெட்டாமல் வைத்துவிடுங்கள்.

முதலில் இரண்டு திருத்தங்கள். தாமிரத்துக்கு நிகராகக் கடத்தும் என்று எழுதியிருக்கிறார்கள். நிகரெல்லாம் இல்லை. கடத்துதிறனை சென்டிமீட்டருக்கு இத்தனை சீமென்ஸ் என்று அளக்கிறார்கள். அந்தக் கணக்கில் தாமிரம் கிட்டத்தட்ட 5,80,000. இன்று அதிகம் புழங்கும் கடத்தும் பாலிமர் பெடாட்-பிஎஸ்எஸ். அதைப் பாட்டிலிலிருந்து எடுத்து அப்படியே பூசினால் 1 வந்தாலே பெரிய விஷயம். எத்திலீன் கிளைக்கால் அல்லது டிஎம்எஸ்ஓ என்கிற கரைப்பானை நூற்றுக்கு ஐந்து பங்கு கலந்தால் சில நூறு, நல்ல சரக்கானால் 1,000 வரை ஏறும். கந்தக அமிலத்தில் முக்கியெடுத்து 4,000-ஐத் தாண்டியவர்களும் உண்டு, ஆனால் அது லேப் சாதனை.

இதைக் கடைக்கணக்காகப் போட்டால் இன்னும் தெளிவாகும். 1,000 சீமென்ஸ் சரக்கை 100 நானோமீட்டர், அதாவது மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு கனத்தில் பூசுகிறோம் என்று வையுங்கள். அதில் எந்தச் சதுரத்தை எடுத்தாலும், பெரிதோ சிறிதோ, எதிரெதிர் விளிம்புகளுக்கு நடுவே 100 ஓம் இருக்கும். ஒரு மில்லிமீட்டர் அகலம், ஐந்து சென்டிமீட்டர் நீளம் என்று ஒரு கோடு போட்டால் ஐம்பது சதுரம் வரிசையாக வந்துவிடும். ஆக 5,000 ஓம். அதே கனத்தில் தாமிரம் பூசினால் பத்து ஓமுக்குள் முடிந்துவிடும். வயருக்குப் பதிலாக இதைப் போட முடியாது. உணர்விக்கு, அதாவது சென்சருக்குப் போடலாம், தோலில் ஒட்டும் மின்முனைக்குப் போடலாம், ஒளி ஊடுருவ வேண்டிய இடத்தில் போடலாம். அங்கெல்லாம் இதன் அருமை வேறு. தாமிரத்தோடு ஒப்பிட்டால் இதற்குத்தான் அவமானம்.

அடுத்தது மடக்கு போன். அதன் திரையும் இந்தப் பிளாஸ்டிக் மையில் அடித்தது போலக் கட்டுரை சொல்கிறது. அதன் திரையில் ஒளிவிடுவது கரிமப் பொருள்தான், சரி. ஆனால் அது பாலிமர் மை இல்லை. சிறு மூலக்கூறுகளை வெற்றிட அறையில் சூடாக்கி, ஆவியாக்கி, நுண்துளை போட்ட உலோகத் தகடு வழியாகப் புள்ளி புள்ளியாகப் படியவைக்கிறார்கள். அந்தப் புள்ளிகளை எரியவும் அணையவும் வைக்கும் டிரான்சிஸ்டர்களில் பெரும்பாலும் சிலிக்கான்தான் இருக்கிறது. இதில் எங்களைப் போன்றவர்களுக்குப் பிடித்த சங்கதி ஒன்று உண்டு. அந்தத் துளைத் தகடும் ஒரு ஸ்டென்சில்தான். உலகத்திலேயே விலை கூடிய போன் திரையும் கடைசியில் ஸ்டென்சில் வழியாகத்தான் வருகிறது.

கட்டுரையில் பாலிமரின் வரலாறு நன்றாகவே இருந்தது. ஜப்பானில் ஷிராகாவாவின் ஆய்வகத்தில் வினையூக்கியை ஆயிரம் மடங்கு கூடுதலாகப் போட்டுவிட்டதால் பளபளவென்று ஒரு படலம் வந்தது, 1977-ல் அவர் மெக்டயார்மிட், ஹீகர் ஆகியோரோடு சேர்ந்து பாலிஅசெட்டிலீனில் அயோடின் ஏற்றிக் கடத்தவைத்தார், மூவருக்கும் 2000-ல் வேதியியல் நோபல் கிடைத்தது, எல்லாம் சரி. ஆனால் நோபலோடு கதை முடிந்துவிட்டது போல எழுதியிருப்பதுதான் எனக்கு ஒத்துவரவில்லை. படலம் கடத்துகிறது என்பதோடு ஒன்றும் ஆகிவிடாது. தாள் முழுக்கப் பூசினால் அது முழுத்தாளும் ஒரே கம்பி, அவ்வளவுதான். இந்த இடத்தில் கடத்த வேண்டும், அந்த இடத்தில் கூடாது, இந்தக் கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவே இத்தனை இடைவெளி என்று பிரித்துப் போட்டால்தான் அது சாதனம். அப்படி வடிவம் பிரிக்கிற வேலையில்தான் இந்தத் துறையில் பாதிப்பேர் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். கட்டுரையில் அதற்குக் கிடைத்தது ஒரே வரி.

எனக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். என் மருமகள், அதாவது தங்கை மகள், நம் மாவட்டத்தில் ஒரு கல்லூரியில் எம்.எஸ்சி. இயற்பியல் படித்தாள். புராஜெக்டுக்கு பாலியெஸ்டர் பிலிமில் ஈரப்பதம் அளக்கும் உணர்வி ஒன்று செய்ய வேண்டும். சின்ன பாட்டிலில் கருநீல மையோடு கடைக்கு வந்தாள். அதுதான் பெடாட்-பிஎஸ்எஸ். இரண்டு சீப்புகளின் பற்கள் ஒன்றுக்கொன்று இடையில் புகுந்து, ஆனால் எங்கேயும் தொடாமல் நிற்கிற டிசைன். “மாமா, ஒண்ணே ஒண்ணு அடிச்சுத் தந்தா போதும்” என்றாள். ஒன்று அடிக்கவும் நூறு அடிக்கவும் ஸ்கிரீன் ஒன்றுதான் மக்ளே, பாசிட்டிவைக் கொடு என்றேன்.

ஸ்கிரீன் போடுவது எப்படி என்று தெரியாத வாசகர்களுக்காகச் சொல்கிறேன். பிரேமில் இழுத்துக் கட்டிய மெஷ் துணியில் எமல்ஷன் பூசி, இருட்டில் காயவைப்போம். எமல்ஷனில் ஒளிக்கு வினைபுரியும் பைகுரோமேட் கலந்திருக்கும். அதன்மேல் டிசைன் கறுப்பாக இருக்கிற பாசிட்டிவை வைத்து வெளிச்சம் காட்டினால், வெளிச்சம் பட்ட இடம் இறுகிவிடும். கறுப்புக்குக் கீழே இருந்த இடம் இறுகாமல் தண்ணீரில் கழுவும்போது போய்விடும். போன இடம் வழியாக மை இறங்கும். சிப் தொழிற்சாலையில் ஒளிப்பொறிப்பு என்று பெரிய பேரில் செய்வதும் இதே வேலைதான். அங்கே எமல்ஷனுக்குப் பதில் போட்டோரெசிஸ்ட், பாசிட்டிவுக்குப் பதில் மாஸ்க், டியூப்லைட் பெட்டிக்குப் பதில் புறஊதா விளக்கு. அளவுதான் வித்தியாசம். நாங்கள் மில்லிமீட்டரில் யோசிக்கிறோம், அவர்கள் நானோமீட்டரில்.

சரி, மை விஷயத்துக்கு வருகிறேன். கடையில் நாங்கள் பிலிமில் அடிக்கிற வினைல் மை எல்லாம் கரைப்பானில் கரைந்தது. இதுவோ தண்ணீர் மை. நூற்றில் ஒரு பங்குதான் சரக்கு, மீதி தண்ணீர். இருபது மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு ஈரப்படலம் போட்டால் காய்ந்து மிஞ்சுவது 200 நானோமீட்டர். பாலியெஸ்டரில் ஊற்றினால் பரவாது, அங்கங்கே முத்து முத்தாக உருண்டு நிற்கும். பிளாஸ்டிக் கவர் அடிக்கிறவர்களைக் கேளுங்கள், பிலிமுக்கு கொரோனா டிரீட்மென்ட் (மை ஒட்டுவதற்காக மேற்பரப்பில் மின்சாரம் பாய்ச்சுவது) ஆகியிருக்கிறதா என்று பார்க்காமல் மெஷினில் ஏற்றமாட்டார்கள். டிரீட் ஆன பக்கத்தில் அடித்தபோது இதுவும் படிந்தது. ஆய்வகங்களில் இதே வேலைக்கு ஆக்சிஜன் பிளாஸ்மா என்று வைத்திருக்கிறார்கள், அல்லது மையில் துளி நனைப்பானைக் கலக்கிறார்கள்.

பிறகு, இந்த மை நல்ல அமிலம். இதில் கடத்துவது பெடாட் பகுதி, அமிலம் பிஎஸ்எஸ் பகுதி. எங்கள் சாதாரண எமல்ஷன் தண்ணீரில் ஊறக்கூடிய பசைதான், அமிலத் தண்ணீரை அதன்மேல் ஸ்குவீஜியால் (மை தள்ளுகிற ரப்பர் கட்டை) இழுத்துக்கொண்டே இருந்தால் கொஞ்ச நேரத்தில் விளிம்பு கொழகொழத்து, சீப்புப் பல் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். பனியன் பிரிண்டிங்காரர்கள் தண்ணீர் மைக்கென்றே ஒரு எமல்ஷன் வைத்திருக்கிறார்கள், ஸ்கிரீனைக் கழுவிக் காயவைத்த பிறகு ஹார்டனர் தடவி இறுக்குகிற வகை. திருப்பூரில் வேலை பார்த்த ஒரு தம்பியிடம் கேட்டு அதை வாங்கிப் போட்டதும் விளிம்பு கத்தியால் வெட்டியது போல் வந்தது. அப்புறம் மையும் தண்ணீராக இருக்கக்கூடாது, கொஞ்சம் கெட்டியாக வேண்டும். ஸ்கிரீனுக்கென்றே இதில் பேஸ்ட் விற்கிறது.

இந்த விவரமெல்லாம் எதற்கென்றால், இதில் ஒன்று தவறினாலும் கடத்துதிறன் 1,000 இருந்து புண்ணியமில்லை. பல் ஒட்டிவிட்டால் உணர்வி ஷார்ட். பல் அறுந்துவிட்டால் ஓப்பன். வேதியியல் ஜெயித்தாலும் அச்சில் தோற்றுவிடும்.

பெரிய ஆய்வகங்களுக்கும் இதே தலைவலிதான், வேறு உருவத்தில். அவர்கள் படலம் பூசிய பிறகு அதன்மேல் போட்டோரெசிஸ்ட் பூசி, ஒளிகாட்டி, டெவலப் செய்து, தேவையில்லாத இடத்தைப் பொறித்தெடுக்கப் பார்த்தார்கள். சிலிக்கானில் இது தண்ணீர்பட்ட பாடு. கரிமப் படலத்தில் எடுபடவில்லை. ரெசிஸ்ட் ஒரு கரைப்பானில் வருகிறது, அது அடியில் இருக்கிற படலத்தையும் கரைத்தோ ஊதவைத்தோ கெடுக்கிறது. டெவலப்பர் காரத்தன்மையுள்ள தண்ணீர். பெடாட்-பிஎஸ்எஸ் காய்ந்த பிறகும் தண்ணீர் பட்டால் ஊறி எழும்பும். அதற்காக மூலக்கூறுகளை ஒன்றோடொன்று கட்டிப்போடும் சிலேன் வகைப் பொருளை மையிலேயே கலந்து சுடுகிறார்கள். படலம் தண்ணீரில் நிற்கும், ஆனால் கடத்துதிறன் கொஞ்சம் இறங்கும். சும்மா கிடைப்பது ஒன்றுமில்லை.

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 2008 வாக்கில் இதற்கு வேறு வழி கண்டார்கள். எண்ணெயோடும் சேராத, தண்ணீரோடும் சேராத புளோரின் கரைப்பான்கள் சில உண்டு. அதில் கரைகிற ரெசிஸ்டைச் செய்துவிட்டால், அது அடியில் இருக்கிற கரிமப் படலத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காது. படலம் தொந்தரவில்லாமல் கிடக்க, மேலே ஒளிப்பொறிப்பு நடக்கும். அழகான யோசனை. ஆனால் புளோரின் சேர்மங்கள் பலவும் மண்ணிலும் தண்ணீரிலும் சிதையாமல் கிடக்கும் ரகம் என்பதால், இன்று அவற்றைப் பல நாடுகள் சந்தேகக் கண்ணோடு பார்க்கின்றன.

எனக்கு மிகவும் பிடித்தது இன்னொரு முறை. மூளையின் மேற்பரப்பில் வைக்கிற மெல்லிய மின்முனைகளும் டிரான்சிஸ்டர்களும் செய்கிறவர்கள் கையாளுவது. பேரிலீன் என்கிற பிளாஸ்டிக்கை ஆவியாகப் படியவைத்து, அதன்மேல் சோப்புத் தண்ணீர் பூசி, திரும்பவும் ஒரு பேரிலீன் படலம். மேலே ஒளிப்பொறிப்பு செய்து பிளாஸ்மாவால் ஜன்னல் வெட்டுவார்கள். ஜன்னலோடு சேர்த்து எல்லா இடத்திலும் பாலிமர் மையைப் பூசிவிட்டு, மேல் பேரிலீனைப் பிடித்து உரித்தால் வந்துவிடும், நடுவில் சோப்பு இருப்பதால். ஜன்னலில் விழுந்த மை மட்டும் மிஞ்சும். கோடிக்கணக்கில் செலவழித்த சுத்த அறைக்குள் முக்கியமான வேலையைப் பார்ப்பது ஒரு பூச்சு சோப்பு. ரெசிஸ்டும் டெவலப்பரும் பாலிமரைத் தொடவே இல்லை பாருங்கள், அதுதான் கெட்டிக்காரத்தனம்.

இங்க்ஜெட் பற்றி உங்கள் கட்டுரையாளர் பெருமையாக எழுதியிருந்தார். பெருமைதான். 2000-ல் கேம்பிரிட்ஜில் முழுக்கப் பாலிமரால் ஆன டிரான்சிஸ்டரை இங்க்ஜெட்டில் அடித்துக் காட்டினார்கள், இரண்டு மின்முனைக்கு நடுவே ஐந்து மைக்ரான் இடைவெளி. ஆனால் அந்த ஐந்து மைக்ரானை இங்க்ஜெட் தானாகப் போடவில்லை. தண்ணீரை ஒட்டவிடாத பாலிஇமைடு கோட்டை ஒளிப்பொறிப்பில் முதலிலேயே போட்டுவைத்திருந்தார்கள், மைத்துளி அதன் இரண்டு பக்கமும் விலகிக்கொண்டது. மையைக் கொட்டுவது மெஷின், வரம்பு கட்டியது வேறொருவர். அதுபோக துளி காயும்போது சரக்கெல்லாம் விளிம்புக்கு ஓடிப்போய், நடு மெலிந்து, ஓரம் தடித்துவிடும். மேஜையில் சாயா சிந்திக் காய்ந்தால் ஓரத்தில் வட்டம் விழுமே, அதே காரணம்தான். ஓரம் வேகமாகக் காய்கிறது, அதை ஈடுகட்ட நடுவிலிருந்து திரவம் ஓடிவருகிறது. இதை அடக்க மெதுவாகக் காயும் இன்னொரு கரைப்பானைக் கலக்கிறார்கள். லேசரால் சுட்டெடுப்பதும் உண்டு, வேகமான வழி, அடியில் இருக்கிற பிலிம் கருகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனி பிளீச்சிங் பவுடர்.

எங்கள் கடைகளில் வேலை முடிந்த ஸ்கிரீனிலிருந்து பழைய எமல்ஷனை எடுக்க பிளீச்சிங் கரைசலைத்தான் தடவுவோம். மருமகள் காலையில் அடித்த பிலிம் ஒன்று தேறாமல் ஓரமாகக் கிடந்தது. அவள் ஒரு குச்சியால் அந்தக் கரைசலைத் தொட்டு நீலத்தின்மேல் ஒரு கோடு இழுத்தாள். கொஞ்ச நேரத்தில் கோடு போட்ட இடம் மட்டும் நீலம் வெளுத்தது. தண்ணீரில் நன்றாக அலசிக் காயவைத்து, கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு முனை, அந்தப் பக்கம் ஒரு முனை என்று மல்டிமீட்டரை வைத்தாள். ரீடிங்கே இல்லை. ஒரே பக்கத்தில் இரண்டு முனையையும் வைத்தால் பழையபடி சில கிலோ ஓம். விரலால் தடவிப் பார்த்தேன், படலம் அங்கேயே இருக்கிறது, பள்ளம் எதுவும் கைக்குத் தட்டுப்படவில்லை. ஆனால் கடத்தவில்லை.

நான் அசந்துபோனேன், அவள் அசரவில்லை. அவளுக்கு இது பாடத்தில் இருக்கிறது. பாலிமர் கடத்துவதற்குக் காரணம் அதன் சங்கிலியில் ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி வருவது. பிளீச்சிங்கில் இருக்கும் ஹைப்போகுளோரைட் அந்தச் சங்கிலியை அளவுக்கு மீறி ஆக்சிஜனேற்றம் செய்து, வரிசையை அங்கங்கே முறித்துவிடுகிறது. மின்சாரம் ஓட வழியில்லை. பொருள் போகவில்லை, குணம் போய்விட்டது. இதே தத்துவத்தில் வேலை செய்யும் பொறிப்புத் திரவங்களைக் கம்பெனிகள் விற்கவே செய்கின்றன. தொடுதிரையில் கோடுகள் கண்ணுக்குத் தெரியக்கூடாது அல்லவா? படலத்தை வெட்டியெடுத்தால் விளிம்பு தெரியும். இப்படிக் குணத்தை மட்டும் கொன்றால் மேடு பள்ளம் இருக்காது, அடுத்த பூச்சும் சமமாக உட்காரும். வடிவம் பிரிக்க வெட்டித்தான் ஆகவேண்டும் என்றில்லை என்பது இந்தத் துறையின் பெரிய பாடங்களில் ஒன்று, அது தக்கலையில் ஒரு பழைய பிளாஸ்டிக் வாளிக்குள் இருந்திருக்கிறது.

ஒரு எச்சரிக்கை, இதைப் படித்துவிட்டு எந்தப் பிள்ளையும் வீட்டில் கலக்கிப் பார்க்கக்கூடாது. மை அமிலம். அமிலத்தோடு பிளீச்சிங் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். காய்ந்த படலத்தில் ஒரு கோடு இழுப்பது வேறு, திரவத்தோடு திரவத்தைக் கலப்பது வேறு. ஜன்னலைத் திறந்துவைத்து, கையுறை போட்டுச் செய்ய வேண்டிய வேலை. கையுறை என்றதும் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பைகுரோமேட்டில் இருக்கிற ஆறாம் இணைதிறன் குரோமியம் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. எங்கள் தொழிலில் பாதிப்பேர் அதை வெறுங்கையால் கலக்கி, கழுவிய மஞ்சள் தண்ணீரை ஓடையில் விட்டுக்கொண்டிருக்கிறார்கள். குரோமியம் இல்லாத டயாசோ எமல்ஷன் வந்து எவ்வளவோ காலம் ஆகிறது, மாறியிருக்கலாம்.

நம் மாவட்டத்துக்கென்று ஒரு சிக்கல் உண்டு, ஈரம். இரண்டு பருவமழையும் பெய்கிற ஊர் இது. இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) தொடங்கிவிட்டால் கடையில் கார்டே வளைந்துபோகும். பெடாட்-பிஎஸ்எஸ்சில் இருக்கும் பிஎஸ்எஸ் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து உப்பும், அதற்கேற்ப மின்தடையும் மாறும். மருமகளின் ஈரப்பத உணர்விக்கு அதுதான் மூலதனம். மற்ற எல்லாருக்கும் அது சாபம். சுட்டுக் காயவைத்த உடனே லேமினேட் செய்து மூடாவிட்டால் காலையில் அளந்தது ஒன்று, சாயங்காலம் இன்னொன்று. சுடுவதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 120 டிகிரியில் வைத்தால் சாதா பாலியெஸ்டர் கொஞ்சம் சுருங்கும். முதல் அச்சு போட்ட பிறகு சுருங்கினால், இரண்டாவது அச்சு ரெஜிஸ்டரில் உட்காராது, அதாவது முதல் அச்சோடு பொருந்தாது. நாலு கலர் ஸ்டிக்கர் அடித்தவனுக்கு இது சொல்லியா தெரிய வேண்டும்? பிலிமை அச்சடிப்பதற்கு முன்னாலேயே ஒருமுறை சூட்டில் காட்டிச் சுருங்கவிட்டு எடுத்துக்கொள்வோம். வளையும் தாளில் அடுக்கடுக்காகச் சாதனம் கட்டுகிற ஆராய்ச்சியாளர்கள் எல்லாரும் புலம்புவது இந்தச் சுருக்கத்தைப் பற்றித்தான்.

இதைப் படித்துவிட்டு தக்கலைக் கடைகளில் டிவி திரை அடித்துவிடலாம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். ஸ்கிரீனுக்கு எல்லை உண்டு. கால் மில்லிமீட்டர் கோடு எங்களுக்கு நிம்மதியான வேலை. 100 மைக்ரான் என்றால் மெஷ், எமல்ஷன், மை, கை எல்லாம் ஒத்துழைக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் எங்கள் கடைக்கு எட்டாது. ஆனால் கால் மில்லிமீட்டரில் செய்ய எவ்வளவோ இருக்கிறது. உங்கள் அலுவலகத்தில் கெட்டுப்போன கம்ப்யூட்டர் கீபோர்டு இருந்தால் பிரித்துப் பாருங்கள். உள்ளே மூன்று பாலியெஸ்டர் தாள் இருக்கும், அதில் சாம்பல் நிறத்தில் ஓடுகிற கோடெல்லாம் ஸ்கிரீனில் அடித்த வெள்ளி மை. சர்க்கரை பார்க்கிற ஸ்டிரிப் பலவற்றில் கறுப்பாகத் தெரியும் மின்முனை, ஸ்கிரீனில் அடித்த கார்பன் மை. இவை கடத்தும் பாலிமர் இல்லை, உலோகத் தூளோ கரித்தூளோ கலந்த மைகள். ஆனால் வழி இதேதான். கடத்தும் பாலிமரும் எங்கோ அமெரிக்காவில் இருக்கிற பொருள் என்று நினைக்க வேண்டாம். நிகட்டிவ் பிலிம் காலத்தில் ரோலில் நிலைமின் பொறி பறந்து படம் கெடாமல் இருக்க பெடாட்-பிஎஸ்எஸ் பூசினார்கள். இன்று கம்ப்யூட்டர் மதர்போர்டில் இருக்கும் பாலிமர் கெப்பாசிட்டர்களிலும் பெடாட் இருக்கிறது.

இந்தப் பாலிமரை விடாமல் துரத்த இன்னொரு காரணமும் உண்டு. தொடுதிரைகளில் இப்போது இருக்கிற ஒளிபுகும் கடத்தி இண்டியம் டின் ஆக்சைடு. அது கண்ணாடி மாதிரி, மடக்கினால் விரிசல் விடும். இண்டியமோ துத்தநாகம் எடுக்கும்போது துணைப்பொருளாகக் கிடைப்பது. நம் மாவட்டத்து மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் தோரியம் உண்டு, டைட்டானியம் உண்டு, சிர்க்கானும் உண்டு. இண்டியத்துக்கு நாம் வெளியேதான் கையேந்த வேண்டும்.

மருமகளின் வைவாவைப் பற்றி ஒரு வார்த்தை. வந்த தேர்வாளர் பாலிமரின் பட்டை இடைவெளி என்ன, எந்த ஆண்டு யார் கண்டுபிடித்தார், எல்லாம் கேட்டாராம். இந்த வடிவத்தை எப்படிப் போட்டாய், எந்த மெஷ், ஏன் இந்த எமல்ஷன், கோட்டின் அகலம் டிசைனில் இருந்ததற்கும் பிலிமில் வந்ததற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று ஒரு கேள்வி இல்லை. புராஜெக்ட் புத்தகத்தில் ‘திரை அச்சு முறையில் தயாரிக்கப்பட்டது’ என்று ஒரே வரி. அந்த வரியை எழுதச் சொன்னவர்களும் உங்கள் கட்டுரையாளரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்திருக்க வேண்டும். எனக்குக் கோபம் என்று இல்லை. ஆனால் அந்தப் பிள்ளை மாதக்கணக்கில் மாரடித்தது அந்த ஒரு வரிக்காகத்தான்.

தக்கலையிலும் நாகர்கோவிலிலும் குலசேகரத்திலும் ஸ்கிரீன் பிரிண்டிங் கடைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருக்கின்றன. மெஷ்ஷை விரலால் தட்டிப்பார்த்தே இழுவை சொல்லக்கூடிய ஆட்கள் இப்போது கொரியர் வண்டி ஓட்டுகிறார்கள். அதே நேரத்தில் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்த பிள்ளைகள் ஒரு ஸ்குவீஜியைத் தொட்டதில்லை. நாகர்கோவில் கோணம் பகுதியில் அரசு பாலிடெக்னிக் இருக்கிறது, ஐடிஐயும் இருக்கிறது. அங்கே ஒரு அறை, நாலு பிரேம், ஒரு எக்ஸ்போஷர் பெட்டி, ஒரு சூளை, ஒரு நுண்ணோக்கி, சில மல்டிமீட்டர், இவ்வளவு போதும். சுத்த அறை வேண்டாம். முதலில் கார்பன் மையும் வெள்ளி மையும், கை பழகிய பிறகு பெடாட். சொல்லிக்கொடுக்க பேராசிரியரும் வேண்டும், எங்களைப் போல மை பட்ட கையோடு ஒருவரும் வேண்டும். இரண்டு பேரும் ஒரே மேஜையில் நிற்க வேண்டும், அதுதான் கஷ்டம். வெளியில் கேட்க ஆளில்லை என்றும் சொல்ல முடியாது. தக்கலையில் திருவனந்தபுரம் பஸ் ஏறினால் வழியிலேயே பாப்பனம்கோட்டில் மத்திய அரசின் நிஸ்ட் ஆய்வகம் இருக்கிறது. மின்வேதியியலுக்கு காரைக்குடியில் செக்ரி. கான்பூர் ஐஐடியில் வளையும் மின்னணுவுக்கென்றே ஒரு தேசிய மையம் இருக்கிறது.

உங்களிடம் நான் கேட்பது சின்ன விஷயம். இந்தத் தலைப்பில் இன்னொரு கட்டுரை போடுங்கள், இந்த முறை பொருளைப் பற்றி வேண்டாம், அதை வடிவமாக்குகிற வேலையைப் பற்றி. எழுதுபவர் வந்தால் கடையில் ஸ்கிரீன் போட்டுக் காட்டுகிறேன். மழை நாளில் வந்தால் எமல்ஷன் காயாது, முன்கூட்டியே போன் செய்துவிட்டு வரச்சொல்லுங்கள். அதுவரைக்கும், அந்தத் தாமிரக் கணக்கையும் மடக்கு போன் சங்கதியையும் மட்டுமாவது வருகிற ஞாயிறே திருத்திப் போட்டுவிடுங்கள். பிள்ளைகள் வெட்டி நோட்டில் ஒட்டிவைக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு ஸ்கிரீன் பிரிண்டர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்
(பெயர் வேண்டாம். போட்டால் கல்யாணக் கார்டுக்கு வருகிறவர்களெல்லாம் டிவி அடிப்பீர்களா என்று கேட்பார்கள்.)